சருகு, துரு, உளுத்த மரம்: சிதைவைக் கொண்டு கலப்பு ஊடகப் படைப்பு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கீழே உதிர்ந்து கிடக்கும் இலையில் வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து வளைந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே புகுந்த புழு தின்றுகொண்டே போன வழி அது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், தொடங்கிய இடத்தில் மயிரிழை மாதிரி இருக்கும் கோடு, போகப்போக அகலமாவது தெரியும். தின்னத் தின்னப் புழு பெருக்கிறது, அது குடையும் வழியும் பெருக்கிறது. கோட்டின் நடுவில் வரிசையாகத் தெரியும் கரும்புள்ளிகள் புழுவின் எச்சம். கோடு முடிகிற இடத்தில் சின்னக் கிழிசல் இருந்தால் புழு வெளியேறிவிட்டது என்று அர்த்தம்.

இப்படி ஒரு கோட்டைத் தூரிகையால் போட்டுவிட முடியாது. போடவும் வேண்டாம், இலையையே எடுத்துப் பலகையில் வைத்துவிடலாம். ஆனால் வைத்த இலை சும்மா இருக்காது. சுருளும், நிறம் போகும், இன்னொரு பூச்சிக்கு இரையாகும். பல வகைப் பொருட்களை ஒரே படைப்பில் சேர்க்கும் கலப்பு ஊடகக் கலையில் சிதைவை எடுத்துக்கொண்டவருடைய வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கையில் எடுத்ததும் ஒரு முடிவு

இந்த வகைப் படைப்புகள் இரண்டு விதத்தில் கெடுகின்றன. எல்லாவற்றையும் வார்னிஷில் முக்கிப் பளபளப்பாக்கி, சருகைப் பரிசுக்கடைப் பொருளாக்கிவிடுவது ஒன்று. எதையும் செய்யாமல் அப்படியே ஒட்டிவிட்டு, சில மாதங்களில் கண்ணாடிக்கு அடியில் தூள் சேர்ந்து கிடப்பதைப் பார்ப்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் ஒரே குறைதான்: எந்தச் சிதைவை எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யாதது.

எனவே ஒவ்வொரு பொருளுக்கும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நிறுத்துவது, தாமதப்படுத்துவது, அதன் போக்கில் விட்டுவிடுவது. உளுத்த மரத்துண்டை நிறுத்தலாம். பூவின் நிறத்தை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தத்தான் முடியும். மண்ணில் புதைத்த துணியை விட்டுவிடலாம். இந்த மூன்று முடிவுகளை ஒட்டித்தான் பசை, பலகை, கண்ணாடி எல்லாம் மாறும். சந்தேகமாக இருந்தால் அந்தப் பொருளை இன்னும் கொஞ்ச நாள் பெட்டியில் வைத்திருங்கள். அது எந்தப் பக்கம் போக விரும்புகிறது என்று தானே காட்டிவிடும்.

யாரைப் பார்த்துக் கற்பது

1912-ல் பிக்காசோ, பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியைக் கேன்வாஸில் ஒட்டி, விளிம்பைச் சுற்றிக் கயிறு வைத்தார். 1919 முதல் ஜெர்மனியின் ஹானோவரில் கர்ட் ஷ்விட்டர்ஸ் தெருவில் கிடந்த டிக்கெட், மரத்துண்டு, கம்பி, கிழிந்த காகிதம் என்று கண்டதையெல்லாம் சேர்த்து ஒட்டினார். அவருடைய சிறிய ஒட்டுப்படங்களை நிதானமாகப் பாருங்கள். குப்பையை அவர் குப்பை என்று காட்டவில்லை, நிறமாகவும் வடிவமாகவும் நடத்தியிருக்கிறார். இத்தாலியரான ஆல்பெர்டோ புர்ரி மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டு அமெரிக்காவில் கைதி முகாமில் இருந்தபோது படம் வரையத் தொடங்கினார். பிறகு கிழிந்த சாக்குகளைத் தைத்தே படமாக்கினார். கிழிசலை மறைக்காமல் தையலை வெளியே தெரிய விட்டதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

செடியைப் பார்க்கும் கண்ணுக்கு ஜெர்மன் புகைப்படக் கலைஞர் கார்ல் பிளாஸ்ஃபெல்ட். காய்ந்த தண்டு, சுருண்ட இலை, விதையுறை ஆகியவற்றைப் பல மடங்கு பெரிதாக்கி அவர் எடுத்து 1928-ல் வெளிவந்த புகைப்படங்களில், யாரும் திரும்பிப் பார்க்காத களைச்செடிகள் இரும்பு வேலைப்பாடு போல நிற்கின்றன.

படி 1: பொறுக்குவது

மழை விட்ட மறுநாளும் காற்று அடித்த மறுநாளும் நல்ல நாட்கள். சுவரடி, வடிகால் ஓரம், வண்டி நிறுத்துமிடத்தின் மூலை, கைவிட்ட மனை என்று ஒதுக்குப்புறம் எல்லாமே உங்கள் களம். காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. சொல்லப்போனால், காட்டில் எல்லாம் அழகாக இருப்பதால் கண் சோம்பிவிடுகிறது.

ஒரு பெரிய மரத்தடியில் உட்கார்ந்து சருகை அடுக்கடுக்காக விலக்குங்கள். மேலடுக்கில் இலை முழுசாக, மொடமொடப்பாக இருக்கும். அடுத்த அடுக்கில் அது ஈரமாகி, நிறம் கறுத்து, இலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அதற்கும் கீழே சதை கரைந்து நரம்பு மட்டும் வலைபோல் மிஞ்சிய இலைகள் கிடைக்கும். வெள்ளைப் பூஞ்சை இழைகள் இலைக்கு இலை பாலம் போட்டிருப்பதையும் அங்கே பார்க்கலாம். கடைசி அடுக்கில் இலையென்று எதையும் பிரித்தெடுக்க முடியாது, எல்லாம் மட்கு. ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரே மர இலையில் இரண்டு மூன்று எடுத்து வையுங்கள். அந்த வரிசையே ஒரு படைப்புக்குப் போதும்.

விழுந்து கிடக்கும் மரக்கட்டைகளிலும் சிதைவு ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவகைப் பூஞ்சை மரத்தின் நாரான செல்லுலோஸைத் தின்று, அந்த நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடும். அப்போது மரம் பழுப்பாகி, குறுக்கும் நெடுக்கும் வெடித்துக் கனசதுரக் கட்டிகளாக உதிரும். இன்னொரு வகை லிக்னினைத் தின்னும். அப்போது மரம் வெளுத்து நார்நாராக வரும். சில கட்டைகளை அறுத்தால் பேனாவால் கிறுக்கியது போல் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருக்கும். அவை பூஞ்சைக் கூட்டங்கள் தங்கள் எல்லையில் எழுப்பிக்கொண்ட வேலிகள். அரிதாக மரம் முழுக்க நீலப்பச்சை ஏறியிருக்கும். குளோரோசிபோரியா என்ற பூஞ்சை தரும் அந்த நிறத்தை 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய மரப்பதிப்புக் கலைஞர்களே தேடித் தேடிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கிடைத்தால் விடாதீர்கள்.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. பாறையிலும் மரத்திலும் உயிரோடு ஒட்டியிருக்கும் மரப்பாசியை, அதாவது லைக்கனை, சுரண்டாதீர்கள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத இனங்கள் அதில் இருக்கின்றன. கிளையோடு முறிந்து விழுந்ததை மட்டும் எடுங்கள். பறவையின் கூடு, முட்டை ஓடு, இறகு ஆகியவற்றுக்குப் பல நாடுகளில் சட்டத் தடை உண்டு. அமெரிக்காவின் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டப்படி, தரையில் தானாக உதிர்ந்த இறகை எடுத்து வைத்துக்கொள்வதும் குற்றமாகலாம். உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

பழைய கட்டடத்தில் உரிந்து தொங்கும் பெயின்ட் கண்ணைப் பறிக்கும். அதைச் சுரண்ட வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்கா வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-ல்தான். அதன் தூசி மூச்சில் போனால் உடம்பில் தங்கிவிடும். புகைப்படம் எடுத்து அச்சிட்டுப் பயன்படுத்துங்கள். பறவை எச்சம் படிந்த பொருளும் அப்படியே, தொடாமல் விடுவது நல்லது.

பொறுக்கியதைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும், அதனால் காகிதப் பையே நல்லது. பையின் மேல் இடமும் தேதியும் பென்சிலால் எழுதுங்கள். எடுப்பதற்கு முன், கிடந்த இடத்திலேயே ஓர் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். அந்தப் பொருள் எதன் பக்கத்தில் கிடந்தது என்பது பின்னால் அடுக்கும்போது மிகவும் உதவும்.

படி 2: ஈரத்தை வாங்குவது, பூச்சியை ஒழிப்பது

இந்தப் படியில் அவசரப்பட்டால் மற்ற எல்லா வேலையும் வீண்.

இலை, புல், பூ இவற்றை மையொற்றுத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனம் ஏற்றுங்கள். முதல் சில நாட்கள் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஈரம் திரும்ப இலைக்கே போய்க் கறுக்கும். தட்டையாக்க முடியாத விதையுறை, காளான், பட்டை ஆகியவற்றை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். மரக்கட்டை நிழலில், காற்றோட்டத்தில், மெதுவாகவே காய வேண்டும். வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.

காய்ந்த பிறகு பூச்சி. முட்டையும் புழுவும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும். மருந்து தெளிக்க வேண்டாம், அருங்காட்சியகங்கள் செய்வதுபோல் குளிரில் வைத்தாலே போதும். பொருளை பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, நன்றாக மூடி, மைனஸ் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடக் கூடாது. அறையின் வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் மூடியபடியே விடுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த பொருளின் மேல் காற்றின் ஈரம் படிந்து, காய வைத்ததெல்லாம் பாழாகும்.

பூசணம் ஏற்கெனவே பிடித்திருந்தால் அது வேறு விஷயம். குளிர் அதைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது அநேகமாக எழாது. கையுறையும் என்95 முகக்கவசமும் போட்டுக்கொண்டு, வெளியில் வைத்து மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பொசுபொசுவென்று வளர்ந்திருப்பதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

படி 3: பொருளைப் பக்குவப்படுத்துவது

*நரம்பு மட்டும் மிஞ்சிய இலை.* தோல் தடித்த இலைகளே இதற்குச் சரி. அரச இலை, மக்னோலியா போன்றவை நன்றாக வரும். மெல்லிய இலை முழுதாகக் கரைந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் அளவில் சலவைச் சோடா கரைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் மெல்லிய தீயில் வையுங்கள். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரிக்கும். அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும். விரலால் நெருடிப் பார்த்தால் சதை வழுக்கிக்கொண்டு நகர வேண்டும், அதுவரை எடுக்காதீர்கள். கையுறை அவசியம்.

பிறகு ஒரு தட்டையான தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இலையைப் பரப்பி, பழைய மென்மையான பல்துலக்கியால் நடுநரம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டித் தட்டி எடுங்கள். தேய்த்தால் கிழியும். ஒரு பக்கம் முடிந்ததும் இலையைக் கையால் தூக்கித் திருப்பாமல், அடியில் பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் செருகி அதோடு சேர்த்துத் திருப்புங்கள். கடைசியில் சில சொட்டு வினிகர் கலந்த நீரில் அலசினால் சோடாவின் காரம் போகும். வெளுப்பாக வேண்டுமானால் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப்போடலாம். குளோரின் பிளீச்சைத் தவிருங்கள், அது நாரை அரிக்கும். அதை வினிகரோடு சேர்த்தால் நச்சு வாயுவும் வரும்.

சோடா இல்லாமலும் செய்யலாம். தண்ணீரில் போட்டு மூடி, அவ்வப்போது தண்ணீரை மாற்றிவந்தால் சில வாரங்களில் பாக்டீரியா அதே வேலையைச் செய்துவிடும். நாற்றம் தாங்காது. ஆனால் அப்படி வரும் இலை சீராக இருக்காது, அங்கங்கே சதை ஒட்டியிருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். முழுக்கச் சுத்தமான நரம்பிலை திருமண அழைப்பிதழில் ஒட்டும் அலங்காரம் போல் ஆகிவிடுகிறது.

*துரு அச்சு.* பருத்தித் துணியையோ கெட்டித் தாளையோ சம அளவு வினிகரும் தண்ணீரும் கலந்ததில் நனைத்து, துருப்பிடித்த ஆணி, போல்ட், சங்கிலி, தகரம் ஆகியவற்றைச் சுற்றிக் கட்டி, பிளாஸ்டிக்கால் மூடி வையுங்கள். அரை நாளில் நிறம் ஏறத் தொடங்கும். இரண்டு நாளுக்கு மேல் விட வேண்டாம். அவிழ்த்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து அமிலத்தை முறித்து, நன்றாக அலசுங்கள்.

துரு துணியின் மேல் உட்கார்ந்த பிறகும் தன் வேலையை நிறுத்துவதில்லை. இரும்பு அயனிகள் செல்லுலோஸ் ஆக்சிஜனேற்றம் அடைவதைத் தூண்டிக்கொண்டே இருக்கும். பல நூற்றாண்டுகளாக இரும்பு மையால் எழுதிய ஐரோப்பியச் சுவடிகளில் எழுத்து இருந்த இடமே ஓட்டையாகியிருப்பது இதனால்தான். ஆகவே துரு அச்சை நீங்கள் நிறுத்தியதாக நினைத்தாலும், உண்மையில் தாமதப்படுத்தியிருக்கிறீர்கள். அடர்த்தியான துருவை அடித்தளத் துணியில் போடாதீர்கள். மேலே ஒட்டும் துண்டில் இருந்தால், பின்னாளில் அது கிழிந்தாலும் படம் நிற்கும்.

துரு அச்சிட்ட துணியைக் கெட்டித் தேயிலை நீரிலோ கடுக்காய்க் கஷாயத்திலோ முக்கினால் ஆரஞ்சு நிறம் கண்ணெதிரே கருநீலச் சாம்பலாக மாறும். தேயிலையிலும் கடுக்காயிலும் உள்ள டேனினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. அந்தப் பழைய மையும் இதே கூட்டணியில்தான் பிறந்தது. துருத் தண்ணீரோடு கடுக்காய்க் கஷாயத்தைக் கலந்து, கொஞ்சம் பிசின் சேர்த்தால் தூரிகை மை தயார். பூசும்போது வெளிறித் தெரியும், காயக் காயக் கறுக்கும்.

*மண்ணில் புதைத்த துணி.* பருத்தியைத் தின்னும் நுண்ணுயிர்கள் எல்லா வளமான மண்ணிலும் உண்டு. மண் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்க்க, விவசாயிகள் பருத்தி உள்ளாடையைப் புதைத்து இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்க்கும் சோதனையே இருக்கிறது. நல்ல மண்ணில் இடுப்புப் பட்டை எலாஸ்டிக் தவிர அதிகம் மிஞ்சாது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரே துணியைப் பல துண்டாக்கி ஒரே நாளில் புதைத்து, வாரத்துக்கு ஒன்றாக எடுத்து வாருங்கள். பட்டு மெதுவாகப் போகும். பாலியெஸ்டர் போகவே போகாது. பாலியெஸ்டர் நூலால் தைத்த பருத்தியைப் புதைத்தால், துணி மறைந்து தையல் மட்டும் திரும்பி வரும். இந்த ஒரு விளைவுக்காகவே இதைச் செய்து பார்க்கலாம்.

*சயனோடைப்.* இந்த நீல அச்சு முறையை 1842-ல் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஆங்கிலத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை நேராகத் தாளில் வைத்து வெயிலில் காட்டி அச்செடுக்கத் தொடங்கினார். கையில் எடுத்தால் உதிர்ந்துவிடும் பொருளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பொருளை ஒட்டாமலே அதன் நிழலைப் பலகைக்குக் கொண்டுவந்துவிடலாம். 100 மில்லி நீரில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், வேறொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இரண்டையும் சம அளவு கலந்து மங்கிய வெளிச்சத்தில் தாளில் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே பொருளையும் கண்ணாடியையும் வைத்து வெயிலில் காட்டுங்கள். பூச்சின் பச்சை கறுத்துச் சாம்பல் பூத்ததும் எடுத்து, மஞ்சள் நீர் வருவது நிற்கும்வரை தண்ணீரில் அலசினால் நீலம் தெளியும். ஃபெரிசயனைடு இருக்கும் இடத்துக்கு வலுவான அமிலம் எதையும் கொண்டுவராதீர்கள். காரம் பட்டால் நீலம் வெளுக்கும். இதையே உத்தியாக்கிக்கொள்ளலாம். சலவைச் சோடா நீரில் லேசாக வெளுக்கவிட்டு, தேயிலை நீரில் போட்டால் நீலம் பழுப்புக் கறுப்பாகத் திரும்பும்.

*உளுத்த மரம்.* விரல் பட்டால் நொறுங்கும் கட்டைக்கு பாரலாய்ட் பி-72 என்ற பிசின் இருக்கிறது. தொல்பொருள் பாதுகாப்பாளர்கள் பயன்படுத்துவது. அசிட்டோனில் 5 முதல் 10 சதவீதம் வரை கரைத்து, துளித்துளியாகக் குடிக்க விடுங்கள். மேலே தேங்கினால் பளபளக்கும், உடனே ஒற்றி எடுத்துவிடுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் மட்டுமே இந்த வேலை.

படி 4: பலகை

கேன்வாஸ் வேண்டாம். அது அதிரும், காய்ந்த பொருள் அதன் மேல் விரிசல் விடும். பிளைவுட் நல்லது. மரத்திலிருந்து கசியும் அமிலம் தாளையும் இலையையும் பழுப்பாக்காமல் இருக்க முன்னும் பின்னும் சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் பூச்சு) அடித்து, அதன்மேல் அமிலமில்லாத கெட்டித்தாள் ஒட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு விஷயத்தை இப்போதே தீர்மானியுங்கள்: மேலே மெழுகு வரப்போகிறதா? வருமானால் சீலரோ அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சோ போடக் கூடாது. மெழுகு பிடிக்க, உறிஞ்சும் பரப்பு வேண்டும். வெறும் மரமோ மரத்தில் ஒட்டிய தாளோ போதும்.

படி 5: அடுக்குவது

பசை டப்பாவைத் திறக்காமல் பலகையில் பொருட்களை வைத்து வைத்து எடுங்கள். நாள்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை.

இங்கே எல்லாருக்கும் வரும் சிக்கல் பழுப்பு. சருகு பழுப்பு, பட்டை பழுப்பு, துரு பழுப்பு, தேயிலைக் கறை பழுப்பு. தனித்தனியாகப் பார்க்கும்போது ஒவ்வொன்றும் அருமையாக இருக்கும், சேர்த்து வைத்தால் சேறு. கைபேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அடுக்கல் தோற்றுவிட்டது. கரியின் கறுப்பையோ, வெளுத்த நரம்பிலையையோ, வெறும் தாளின் வெள்ளையையோ நுழையுங்கள். சயனோடைப்பின் நீலம் ஒரு விரலகலம் இருந்தாலே சுற்றியுள்ள பழுப்பெல்லாம் பொன்னாகத் தெரியும்.

இன்னொன்று, கிடைத்ததையெல்லாம் வைக்கும் ஆசை. ஒரு பலகைக்கு ஒரு சிதைவுதான் தலைமை தாங்க வேண்டும் என்பது என் கட்சி. புழு குடைந்த இலையை வைத்தால், மற்றதெல்லாம் அந்தக் கோட்டுக்கு வழிவிட வேண்டும். பக்கத்தில் பறவை இறகையும் சங்கையும் பழைய சாவியையும் வைத்தால் பார்ப்பவர் கண் சாவிக்குத்தான் போகும். மனிதர் செய்த பொருள் எப்போதும் இயற்கைப் பொருளை முந்திக்கொள்ளும். அது தேவையா என்று பத்து முறை யோசியுங்கள். பழைய கடிகாரப் பல்சக்கரத்தை நான் எதன் பக்கத்திலும் சேர்ப்பதில்லை.

சின்னப் பொருளைச் சுற்றி நிறைய வெற்றிடம் விடுங்கள். அடுக்குச் சருகில் கிடைத்த வரிசையைச் சம இடைவெளியில், மாதிரிப் பெட்டியில் வைப்பதுபோல் வைத்தால் ஆய்வுக்கூடத் தொனி வரும். அதே இலைகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டியது போல் வைத்தால் நிலத்தின் தொனி வரும். இரண்டும் சரி, இரண்டையும் ஒரே பலகையில் கலப்பதுதான் குழப்பம்.

கிழிசலையும் ஓட்டையையும் நேராக்காதீர்கள். பின்னால் வேறு நிறத் தாளை வைத்தால் அந்த ஓட்டையே வடிவமாகும். உடைந்த இலையை நூலால் தைத்தால் தையல் தெரியட்டும்.

படி 6: ஒட்டுவது

நரம்பிலை, மெல்லிய தாள் இவற்றுக்கு கோதுமை ஸ்டார்ச் பசையோ மெத்தில் செல்லுலோஸோ போதும். காய்ந்தால் பளபளக்காது, நனைத்தால் திரும்ப எடுத்துவிடலாம். ஸ்டார்ச் பசை பூச்சிக்கு விருந்து என்பதால் ஈரப்பதமான இடத்துக்கு மெத்தில் செல்லுலோஸ். பட்டை, விதையுறைக்கு அமிலமில்லாத பி.வி.ஏ. வெள்ளைப் பசை. கனமான கட்டை, இரும்புக்குப் பசையை நம்ப வேண்டாம். பலகையில் துளையிட்டு மெல்லிய கம்பியால் பின்னால் இருந்து கட்டுங்கள். பசைத் துப்பாக்கியில் உருக்கி ஒட்டும் பசை வெயில் காலத்தில் இளகி விட்டுவிடும்.

பசையைப் பொருள் முழுக்கப் பூசாமல் சில புள்ளிகளில் மட்டும் வையுங்கள். காற்றின் ஈரம் கூடிக் குறையும்போது இலை அசைய இடம் வேண்டும்.

படி 7: மெழுகு

எகிப்தின் ஃபாயூம் பகுதியில் கிடைத்த, கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்த முகச் சித்திரங்களில் பல மெழுகில் வரைந்தவை. அவற்றின் நிறம் இன்றும் புதிதாக இருப்பதைப் பார்த்தால் மெழுகின் மேல் நம்பிக்கை வரும். வெறும் தேன்மெழுகு மென்மையாக இருக்கும். எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு டாமர் பிசின் சேர்த்துத் தயாராக விற்பதை வாங்கிக்கொள்வது நல்லது. சூடு கட்டுப்பாடு உள்ள மின்தட்டில் 80 முதல் 90 டிகிரிக்குள் உருக்குங்கள். புகை வந்தால் சூடு அதிகம், உடனே குறையுங்கள். திறந்த தீயில் வைக்கவே கூடாது. பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியால் மூட வேண்டும்.

ஒரு மெல்லிய பூச்சு, அதை ஹீட் கன்னால் லேசாக இளக்கி அடியில் உள்ளதோடு இணைப்பது, பிறகு அடுத்த பூச்சு. மூன்று பூச்சுக்கு மேல் போனால் இலை பனிமூட்டத்துக்குப் பின்னால் போய்விடும். அதைத்தான் விரும்புகிறீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள். மெழுகு காற்றையும் ஈரத்தையும் தடுப்பதால் சிதைவு வெகுவாக மெதுவாகும். ஆனால் ஒளியைத் தடுக்காது. உள்ளே இருக்கும் பூவின் நிறம் அப்படியும் போகும். குளிரில் மேலே வெண்படலம் பூத்தால் மென்மையான துணியால் துடைத்தால் மறையும்.

படி 8: விட்டுவிடுவது

சுவிட்சர்லாந்து ஜெர்மானியக் கலைஞர் டீட்டர் ரோத் 1970-ல் லாஸ் ஏஞ்சலிஸ் காட்சிக்கூடம் ஒன்றில் 37 பெட்டிகளில் பாலாடைக்கட்டியை நிரப்பி வைத்தார். ஈயும் புழுவும் நாற்றமும் சேர்ந்ததுதான் படைப்பு. அவர் சாக்லேட்டில் செய்தவற்றைப் பூச்சி தின்பதைத் தடுப்பதா விடுவதா என்று அருங்காட்சியகங்கள் இன்றும் தலையைப் பிய்த்துக்கொள்கின்றன. பிரிட்டிஷ் கலைஞர் ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி வேறு வழி. இலையை முள்ளால் தைத்து வெளியிலேயே விட்டுவிடுகிறார், மிஞ்சுவது புகைப்படம்.

நீங்கள் செய்வதானால் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செய்யுங்கள், அருகில் மற்ற படைப்புகளை வைக்காதீர்கள். கேமராவை ஒரே இடத்தில், ஒரே ஒளியில் நிலையாக நிறுத்தி, இடைவெளி தவறாமல் படமெடுங்கள். ஒளி மாறினால் எது சிதைவு, எது வெயில் என்று படத்தில் பிரிக்க முடியாது. இறைச்சி, இறந்த உயிரினம் பக்கம் போக வேண்டாம். சுகாதாரம் ஒரு காரணம். அதிர்ச்சி மட்டும் மிஞ்சி, பார்ப்பவர் உற்றுப் பார்ப்பதை நிறுத்திவிடுவார் என்பது மற்றொன்று.

படி 9: படச்சட்டம், ஒளி, பின்பக்கம்

ஆழமுள்ள பெட்டிச் சட்டம் போடுங்கள். கண்ணாடி பொருளைத் தொடக் கூடாது, நடுவே இடைவெளிக் கட்டை வேண்டும். தொட்டால் அங்கே ஈரம் தங்கிப் பூசணம் வரும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி விலை கூடுதல், ஆனால் பூவும் இலையும் இருந்தால் அதில் கஞ்சத்தனம் வேண்டாம். அதுவும் முழுக் காப்பு இல்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தை அழிக்கும். எளிதில் வெளிறும் பொருட்களுக்கு அருங்காட்சியகங்கள் ஒளியை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவோடு நிறுத்திக்கொள்கின்றன. வீட்டுச் சுவரில் அவ்வளவு மங்கலாக வைக்க முடியாது என்றாலும், நேர் வெயில் படும் சுவரையும் குளியலறையை ஒட்டிய சுவரையும் தவிர்க்கலாம். சயனோடைப் வெளிச்சத்தில் வெளிறினால் சில நாள் இருட்டில் வையுங்கள், பெருமளவு திரும்பி வரும்.

கடைசி வேலை பலகையின் பின்பக்கம். அமிலமில்லாத சீட்டில் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள்: என்னென்ன பொருள், எங்கே எப்போது எடுத்தது, ஃப்ரீசரில் வைத்த தேதி, எந்தப் பசை, எந்தப் பிசின், மெழுகு உண்டா. அதற்குக் கீழே, எது மாறாது, எது மெதுவாக மாறும், எது மாறுவதற்கென்றே விடப்பட்டது என்று தனித்தனியாகக் குறியுங்கள். விற்பதானால் வாங்குபவரிடம் இதே சீட்டின் நகலைக் கொடுத்து, துரு படர்ந்தாலோ இலை உதிர்ந்தாலோ உங்களைக் கேட்காமல் யாரும் வார்னிஷ் அடிக்க வேண்டாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.